மறு அறிவித்தல் வரை: மட்டக்களப்பு, அம்பாறை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு சிறைக்காவலரின் மனைவி எழுதும் திறந்த மடல்

மட்டக்களப்பிலிருந்து 5 பேரும் அம்பாறை மாவட்டத்தின் தேர்தல் தொகுதியான திகாமடுல்லையிலிருந்து 7 பேருமாக எங்கள் வாக்கில் நாடாளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு,

போன கிழமை என் கணவருக்கு ஐந்தாவது கடிதம் வந்தது. முதலாவது 2022இல் வந்தது. மாகாணத்துக்கு வெளியே உள்ள ஒரு சிறைச்சாலைக்கு மூன்று மாதத் தற்காலிக இணைப்பு என்று அதில் இருந்தது. இரண்டாவது கடிதம் அதை ஆறு மாதத்தால் நீட்டியது. மூன்றாவது ஒரு வருடத்தால். நான்காவது இன்னும் ஒரு வருடத்தால். ஐந்தாவதில் காலக்கணக்கே இல்லை. 'நெவத தன்வன துரு' என்று மூன்று சொல். மறு அறிவித்தல் வரை. எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இந்த மூன்று சொல்லை மட்டும் இப்போது தடக்காமல் வாசிக்கிறேன்.

இந்த மடலை அவர் எழுதவில்லை. எழுதவும் ஏலாது. தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. அரச உத்தியோகத்தர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைக் கட்டுப்படுத்துவது அது. அவர் ஒரு வரி எழுதினால் அடுத்த குற்றப்பத்திரம் தயாராகிவிடும். நான் அரச ஊழியை இல்லை. எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் வீட்டு விறாந்தையில் தையல் மெசின் வைத்துப் பிழைக்கிறவள். ஆகவே நான் எழுதுகிறேன். அவருடைய பெயரோ அந்தச் சிறைச்சாலையின் பெயரோ அங்குள்ள அதிகாரிகளின் பெயரோ இதில் வராது. பயம் ஒரு காரணம், மறைக்கவில்லை. மற்றக் காரணம், ஒரு அத்தியட்சகரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் மாறிப் போவார், இன்னொருவர் வருவார், ஆறாவது கடிதம் அப்போதும் வரும்.

நான்காவது கடிதம் வந்தபோது, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த எழுதுவினைஞர் பாவம், நல்ல மனிதர். கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட சங்கம் என்ன சொல்லுது அக்கா? சங்கக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றார். எங்களுக்குச் சங்கம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆசிரியருக்கு இருக்கிறது, தாதிமாருக்கு இருக்கிறது, தபாற்காரருக்கு இருக்கிறது, அவருக்கே இரண்டு சங்கத்தில் சந்தா வெட்டுகிறார்களாம். "அதெப்படி இல்லாமல் போகும்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியாது. பிறகுதான் தேடினேன்.

பதில் 1935இல் இருக்கிறது. அந்த வருடத்தின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நீதித்துறை உத்தியோகத்தர், ஆயுதப்படையினர், பொலிஸார் ஆகியோரோடு சிறைச்சாலை உத்தியோகத்தரையும் சேர்த்து, இந்தச் சட்டம் இவர்களுக்கு இல்லை என்கிறது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க 13 வருடத்துக்கு முன் பிரித்தானியர் ஆட்சியில் வந்த சட்டம். அந்தப் பிரித்தானியருடைய ஊரில் 1939ஆம் ஆண்டிலிருந்தே சிறை உத்தியோகத்தருக்குச் சங்கம் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்ய அங்கே தடை. 1994இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் தடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சம்பளத்தைப் பார்த்துப் பரிந்துரைக்கத் தனியான ஒரு சபையை 2001இல் அமைத்தார்கள். எங்களிடம் தடை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இலங்கை 1995இல் சர்வதேச தொழில் தாபனத்தின் 87ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக் கையெழுத்து வைத்தது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்தைப் பற்றிய சமவாயம் அது. அதன் 9ஆம் உறுப்புரை ஆயுதப்படைக்கும் பொலிஸுக்கும் மாத்திரம் நாடுகள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்கிறது. சிறைக்காவலர் அந்த இரண்டு கூட்டத்திலும் அடங்கமாட்டார்கள் என்று அந்தத் தாபனத்தின் நிபுணர் குழு இலங்கைக்கும் வேறு நாடுகளுக்கும் சொல்லி வந்திருக்கிறது. நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் கொடுக்கிறது. என் கணவர் பிரசை. அடையாள அட்டையும் வாக்கும் இருக்கின்றன. உங்களில் ஒருவருக்கு அந்த வாக்கைப் போட்டும் இருக்கிறார்.

சங்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். என் தம்பி அரிசி ஆலையில் வேலை செய்கிறான். நாளைக்கு முதலாளி அவனை நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். அவனுக்குக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் அந்த 43ஆம் இலக்கச் சட்டம் 49ஆம் பிரிவில், வேலை கொடுப்பவர் அரசாங்கமாக இருந்தால் இது செல்லாது என்று முடித்துவிடுகிறது. அது எல்லா அரச ஊழியருக்கும் பொதுவான விதி. எங்களுக்கு மட்டும் செய்த அநியாயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற அரச ஊழியருக்கு அந்த ஓட்டையை அடைக்கச் சங்கம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது.

மிச்சமிருக்கிற வழிகள் எல்லாம் கொழும்புப் பக்கம். திணைக்களத்தின் கட்டளைக்கு எதிராக அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. ஆணைக்குழுவின் முடிவு பிழையென்றால் 2002ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்த நிருவாக மேன்முறையீட்டு நியாய சபை. ஆணைக்குழுவின் கட்டளைகளை வேறு நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி அரசியலமைப்பின் 61அ உறுப்புரை கதவைச் சாத்தியிருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்றால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். தம்பிக்கு ஆறு மாதம், இவருக்கு ஒரு மாதம். கடிதம் கையில் கிடைத்து, அதை மொழிபெயர்த்து, சட்டத்தரணியைப் பிடித்து, சத்தியக்கடதாசி முடித்து, காசு புரட்டிக் கொழும்பு போவதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் அந்த ஆணைக்குழுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியவந்தபோது எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. இதை வாசிக்கிற வேறு காவலர் வீட்டுக்காரிக்கு உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2023இல் ஒரு நாள். கைதி ஒருவருக்கு நெஞ்சுவலி என்று வெளி ஆஸ்பத்திரி வோட்டில் சேர்த்தார்கள். காவலுக்கு இரண்டு பேர் போகவேண்டிய இடம். ஆள் இல்லை, பிறகு அனுப்புகிறோம் என்று இவரை மட்டும் விட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஏறிய டியூட்டி. மாலை ஆறுக்கு மாற்ற ஆள் வரவேண்டும், வரவில்லை. போன் எடுத்துக் கேட்டார். இப்போது வருவார் என்றார்கள். எட்டு மணிக்குக் கேட்டார், இப்போது வருவார். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போன் எடுக்கவே இல்லை. பகல் சாப்பிட்ட பார்சலோடு சரி. கதிரை ஒன்று தந்தாராம் ஒரு தாதி, அதில் இருந்தால் கண் சொருகும் என்று நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

இரவு இரண்டேகாலுக்கு என்னைக் கூப்பிட்டார். "நித்திரை வரப் பாக்குது. என்னத்தையாவது கதை" என்றார். நான் கதைத்தேன். அன்றைக்கு வந்த சாரிச் சட்டை ஓடர்களைப் பற்றி, கழுத்து இறக்கிக் கேட்டுவிட்டு அளவு சரியில்லை என்று சண்டை பிடித்த பக்கத்துத் தெருப் பிள்ளையைப் பற்றி, மகளுடைய கணக்குக் கொப்பியைப் பற்றி, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குப் போக இந்த முறையாவது லீவு கிடைக்குமா என்பதைப் பற்றி. நாற்பது நிமிடம் இருக்கும். எனக்கு நித்திரை தூக்கிப் போட்டது. அவருக்குக் கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

விடிந்தும் ஆள் வரவில்லை. காலை ஒன்பது மணி. அது அவருடைய இருபத்தேழாவது மணித்தியாலம். சேலைன் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னதில் கைவிலங்கைக் கழற்றியிருந்தார்கள். கைதி மலசலகூடம் போகக் கேட்டார். இவர் வாசலில் நின்றார். உள்ளே யன்னல் இருந்தது. அவ்வளவுதான். ஆள் அடுத்த நாள் பின்னேரமே அகப்பட்டுவிட்டார். மாமி வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாராம். அந்த மனிதருக்காவது சோறு கிடைத்ததே என்று நான் அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

என் கணவரைப் பணி இடைநிறுத்தம் செய்தார்கள். ஏழு மாதம் அரைச் சம்பளம். ஊருக்கு நாங்கள் சொன்னது லீவு என்று. ஏழு மாத லீவு எந்த ஊரில் இருக்கிறது? எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அந்த மட்டில் ஊர் நல்ல ஊர். கடன் கொடுத்த கடைக்காரர் மட்டும் ஒரு நாள் கொப்பியைத் திருப்பி என் பக்கமாக வைத்தார்.

பிறகு குற்றப்பத்திரம் வந்தது. ஆறு பக்கம், ஐந்து குற்றச்சாட்டு, முழுக்கச் சிங்களம். கவனயீனம், கைதி தப்பியோட இடமளித்தமை என்று முதல் இரண்டும். மூன்றாவது, அதிகாலை 2.15க்குக் கடமையில் இருந்தபடி கைத்தொலைபேசியில் நாற்பது நிமிடம் உரையாடியமை. மூன்றாவது குற்றச்சாட்டு நான். அதை மொழிபெயர்த்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரிந்த அவமானங்களில் அதற்குத் தனி இடம். இருபத்தேழு மணித்தியாலம் ஆறு பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

அந்த மணித்தியாலங்களுக்குச் சாட்சி டியூட்டி ரோஸ்டர். அதில் யார் எப்போது ஏறினார், யார் எப்போது இறங்கினார் என்று இருக்கும். விசாரணையில் அதைக் கேட்டார். விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்கள் பெயரில் விண்ணப்பம் போட்டோம். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர முடியாது என்று பதில் வந்தது. நடந்து முடிந்த ஒரு நாளின் ரோஸ்டரால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன வரும் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ ஒருவர் வராமல் விட்டதும், வராதவரை யாரும் தேடாமல் விட்டதும் வெளியே வரும். அது வேறு பாதுகாப்பு.

கூடப் போக ஒருவர் இல்லை. மற்றத் திணைக்களம் என்றால் சங்கத்தின் கிளைச் செயலாளர் கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். இவருக்காகக் கல்முனையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், அவரும் முழங்கால் வருத்தக்காரர், இரண்டு தவணைக்கு வந்தார். மூன்றாம் தவணைக்கு அவரால் பஸ் ஏற முடியவில்லை. மட்டக்களப்பிலிருந்து இராத்திரி பஸ் எடுத்து, விடியப்புறம் இறங்கி, பஸ் நிலையத்திலேயே முகம் கழுவி, காலை விசாரணைக்கு நிற்பது. நான்கு தவணை. முடிவில் இரண்டு குற்றச்சாட்டு நிரூபணமாம், அதில் மூன்றாவதும் ஒன்று. ஒரு வருடச் சம்பள ஏற்றத்தைப் பிற்போட்டார்கள். தண்டனை சின்னது, அதற்காக நான் அழவில்லை. அவரைத் திரும்ப அதே சிறைச்சாலைக்கே எடுத்தார்கள். அதே ஆஸ்பத்திரிக் காவலுக்கு, இன்னமும் தனியாகவே போகிறார். இரவில் என்னைக் கூப்பிடுவதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இவர் அதற்குப் பிறகு சேர்ந்தவர். படித்தார், பரீட்சை எழுதினார், பாஸ். கைதியோடும் மேலதிகாரியோடும் சிங்களத்தில் கதைக்கிறார், பகிடி விடுகிறார். குற்றப்பத்திரத்தின் சிங்களம் அந்தச் சிங்களம் இல்லை. முதல் குற்றச்சாட்டில் வந்த ஒரு சொல்லை நாங்கள் 'கவனயீனம்' என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதினோம். விசாரணை நடக்கும்போதுதான் அதற்கு 'வேண்டுமென்றே புறக்கணித்தல்' என்று பொருள் வருமென்று தெரிந்தது. வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டுக்கு, "அசதியில் கவனம் தவறிவிட்டது, மன்னிக்கவும்" என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தோம். மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த 6,500 ரூபாவில் அந்தச் சொல்லும் அடக்கம். ஆசிரியரைக் குறை சொல்லமாட்டேன், அவர் பள்ளிக்கூடத்துச் சிங்களம் படித்தவர்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. மற்ற மாகாணங்களில் சிங்களம், ஆனால் அங்கேயும் ஒருவர் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறலாம். அந்த இடத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: தன் பதவி முறையில் செயற்படும் உத்தியோகத்தர் தவிர்ந்த ஒருவர் என்று. சிறைக்காவலர் உத்தியோகத்தர், ஆகவே தமிழில் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நான் கேட்கிறேன், குற்றப்பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிற மனிதர் அந்த நேரம் எந்தப் பதவி வேலையைச் செய்கிறார்? தன் சோற்றுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாசகத்துக்குச் சரியான விளக்கம் எது என்று அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்குவது உங்களால் முடிந்த காரியம்.

இது தமிழருடைய பிரச்சினை மட்டும் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு ராத்தாவை இந்த அலைச்சலில்தான் சினேகம் பிடித்தேன். அவருடைய கணவரும் காவலர், அவரும் தூரத்தில். அந்தக் காவலருடைய வாப்பா மௌத்தான செய்தி காலை ஏழு மணிக்குப் போனது. லீவு கையெழுத்தாக மத்தியானம் தாண்டிவிட்டது. ஜனாஸாவை அன்றைக்கே அடக்க வேண்டும், காத்திருக்க மாட்டார்கள். அவர் வந்து இறங்கியபோது கபுறடி ஈரம் காய்ந்திருந்தது. அம்பாறைப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களையும் எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தகப்பனைத் தொலைபேசியில் மட்டும் காட்டுகிற வீடுகள். தமிழ்க் கைதிகள் நிறைந்த இடத்துக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் அனுப்பப்படுகிற சிங்களக் காவலரின் தவிப்பும் தவிப்புத்தான். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 80ஆவது, சிறை ஊழியர்களில் பெரும்பான்மையோர் கைதிகளில் அதிகம் பேர் பேசுகிற மொழியை, அல்லது அவர்களுக்கு விளங்குகிற ஒரு மொழியைப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டு வெளியாளை இங்கே கொண்டுவருகிற கணக்கில் யாருக்கு என்ன லாபம் என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்தினால் நல்லது.

இப்போது நீங்கள் மனதுக்குள் வைத்திருந்து வெளியே கேட்காத கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். மறியலில் பிள்ளையை வைத்திருந்த ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஜெயில் கார்டுக்கு என்ன மனே உரிமை? அவங்க அடிச்ச அடி எனக்குத் தெரியும்." அந்த அம்மாவுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது காவலுக்கு இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த செப்டெம்பர் 23இல் இந்தச் சிறை உடைக்கப்பட்ட கதையை எங்கள் வயதுக்காரர் எல்லாம் மடியில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள். பிறகு 2012இல் வெலிக்கடையில் 27 பேர், 2020இல் மஹரவில் 11 பேர். ஒவ்வொரு முறையும் செத்தவர்கள் கைதிகள். இதையெல்லாம் மறந்துவிட்டு காவலருக்கு ஆதரவு கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். 2021 செப்டெம்பரில் அநுராதபுரம் சிறைக்குள் ஒரு இராஜாங்க அமைச்சர் புகுந்து தமிழ்க் கைதிகளைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. சிறைச்சாலைப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். அப்படியான ஒரு இரவில் வாசலில் நிற்கிற காவலர், "சேர், உள்ளே போக அனுமதி இல்லை" என்று சொல்வதற்கு என்ன வேண்டும்? சொன்ன அடுத்த நாள் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் தற்காலிக இணைப்பில் போகமாட்டோம் என்ற நிச்சயம் வேண்டும். போனாலும் தனக்காகக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நிச்சயம் வேண்டும். சக காவலர் ஒருவர் கைதியை அடிப்பதைக் கண்டு சாட்சி சொல்ல முன்வருகிறவருக்கும் அதேதான். இவர் பதினைந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர். "கண்டதைச் சொன்னவன் ஊரைக் காண மாட்டான்" என்று அங்கே ஒரு பேச்சு இருக்கிறதாம்.

சிறைகளுக்குள் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் அடைபட்டிருக்கிறார்கள். கைதிகளின் நிலையை ஆராய்ந்து மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, காவலரின் நெடுநேர வேலையையும் ஆள் பற்றாக்குறையையும் தங்குமிடத்தின் கேட்டையும் சேர்த்தே பேசியது. கைதிக்காகப் பேசப் போனவர்களுக்குக் காவலரும் கண்ணில் பட்டிருக்கிறார். உங்களுக்கு ஏன் படவில்லை?

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலும் பெரியதும்: தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலிருந்து 'சிறைச்சாலை உத்தியோகத்தர்' என்ற சொற்களை நீக்குவதற்குத் தனிநபர் சட்டமூலம் ஒன்றை உங்களில் ஒருவராவது கொண்டுவாருங்கள். மற்ற 11 பேரும் கட்சி பாராமல் ஆதரியுங்கள். வேலைநிறுத்தத்துக்குத் தடை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய சிறையை விட்டுவிட்டுக் காவலர் தெருவுக்கு வருவதை நானும் விரும்பவில்லை. ஆனால் தடையோடு சேர்த்து, இரண்டு பக்கத்தையும் கேட்டு இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்துகிற முடிவைத் தருகிற ஒரு நடுத்தீர்ப்புச் சபையையும் அதே சட்டத்தில் எழுதுங்கள். ஒன்றைத் தந்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்ல வேண்டாம். 1935இலிருந்து பிறகுதான்.

சட்டம் திருத்தக் காலம் எடுக்கும், தெரியும். அதுவரை நீதி அமைச்சரிடம் கேளுங்கள்: தற்காலிக இணைப்புக் கடிதம் ஒவ்வொன்றிலும் முடிவுத் திகதி இருக்க வேண்டும். அந்தத் திகதி தாண்டினால், புதிதாகக் காரணம் எழுதி ஆளுடைய விளக்கத்தையும் கேட்காமல் நீட்டக் கூடாது. 'மறு அறிவித்தல் வரை' என்ற சொற்கள் இனி எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது.

ஆஸ்பத்திரிக் காவலுக்கு ஒருவரைத் தனியாக அனுப்புவதை நிறுத்த வேண்டும். ஒரு காவலர் தொடர்ந்து எத்தனை மணித்தியாலம் நிற்கலாம் என்பதற்கு எழுத்தில் ஒரு எல்லை வேண்டும். எல்லை தாண்டியபின் நடந்த தவறுக்கு, தாண்ட வைத்தவரையும் விசாரிக்க வேண்டும். ஒழுக்காற்று விசாரணைக்கு உட்பட்டவர் தன்னுடைய டியூட்டி ரோஸ்டரைக் கேட்டால் மறுக்காமல் கொடுக்க வேண்டும்.

குற்றப்பத்திரமும் விசாரணைக் குறிப்பும் தீர்ப்பும் அவரவர் மொழியில், திணைக்களத்தின் செலவில். அரசாங்க சேவை ஆணைக்குழுவும் நிருவாக மேன்முறையீட்டு நியாய சபையும் வருடத்தில் சில நாளாவது மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அமர்ந்து விசாரிக்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் அடிக்கல் நாட்ட வந்துபோகிற தூரம்தான்.

கடைசியாக, அடுத்த அமர்விலேயே வாய்மூல விடைக்கு ஒரு கேள்வி கொடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த சிறைக்காவலர்களில் எத்தனை பேர் தற்காலிக இணைப்பில் வெளி மாகாணங்களில் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை மாதமாக, அவர்களில் எத்தனை பேருடைய முதல் கடிதத்தில் மூன்று மாதம் என்று எழுதியிருந்தது. மூன்று எண்கள் போதும்.

எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம். என் முகவரி இதில் இல்லை, வீட்டுக்கு அரசாங்க முத்திரையோடு இன்னொரு உறை வருவதையும் நான் விரும்பவில்லை. சபையில் கேளுங்கள். சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறைக்காவலரின் மனைவி,
எழுவான்கரை, மட்டக்களப்பு.